டிரைவர் பக்கம் நகர்ந்த திரை

அப்பா,

நேற்றுச் சாயங்காலம் அம்மா உங்கள் போனை எடுத்து என் கையில் கொடுத்தாள். பீரோவில் உங்கள் காக்கிச் சட்டைகளுக்கு அடியில் வைத்திருந்தாள். உறையைத் தொட்டதும் விரலில் பிசுக்கு ஒட்டியது. உங்கள் இடது கைக்குத் தேய்த்துவிடுவோமே, அந்தத் தைலம். வாசனை இன்னும் முழுதாகப் போகவில்லை.

"கிளாஸ் குரூப்புல பாடம் அனுப்புறாங்க, அனுப்புறாங்கன்னு சொல்ற. இதையே வச்சுக்க. ஒனக்கு வேணுங்கிற மாதிரி மாத்திக்க" என்றாள்.

சார்ஜில் போட்டேன். திரை ஒளிர்ந்தது. இடப்பக்கம் பாதியும் வெறும் கறுப்பு. ஆப் படங்களெல்லாம் வலது ஓரத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக அடைந்து நின்றன. மேலே விரல் அகலத்துக்கு நிழல் விழுந்த மாதிரி ஒரு மங்கல். புதிதாகப் பார்க்கிறவர்கள் போன் கீழே விழுந்து கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார்கள். எனக்கு, நீங்கள் இறங்கி டீ குடிக்கப் போயிருக்கும்போது உங்கள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது. கண்ணாடி உங்கள் உயரத்துக்குத் திருப்பியபடியே இருக்கிறது. எனக்கு அதில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

மாற்றிக்கொள்ளச் சொல்வது அம்மாவுக்குச் சுலபம். அந்தத் திரை எப்படி அப்படி ஆயிற்று என்று அவளுக்கும் தெரியும், பக்கத்தில்தான் இருந்தாள். ஆனால் ஒவ்வொன்றையும் நீங்கள் என்ன சொல்லி மாற்றினீர்கள் என்பது எனக்குத்தான் வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

ஆடி மாதத்தில் ஒரு காலை. முதல் ட்ரிப்புக்குக் கிளம்பச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். "ஆத்தா, இந்தக் கை ஏதோ அடம் பிடிக்குது" என்று என்னிடம் சிரித்தபடி சொன்னீர்கள். அடுத்த வார்த்தை குழறியது. மணமேல்குடிக்கும் கோட்டைப்பட்டினத்துக்கும் நடுவில் ஊர் ஊராக நுழைந்து போகும் உங்கள் மினி பஸ் அன்றைக்கு வரவில்லை என்று மீன்கூடைக்காரப் பெண்கள் ரோட்டோரம் வெகுநேரம் காத்து நின்றார்களாம். பிறகு சொன்னார்கள்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது பேச்சு நன்றாகத் திரும்பியிருந்தது. இடது கையும் காலும் திரும்பவில்லை. அதைவிட எங்களுக்குப் புரியாமல் இருந்தது உங்கள் கண். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டர். ஆனால் இடப்பக்கம் இருப்பது எதுவும் உங்கள் மனதுக்கு எட்டவில்லை. தட்டில் வலப்பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, "கூட்டு வைக்கலையா?" என்று கேட்பீர்கள். கூட்டு இடப்பக்கம் அப்படியே இருக்கும். அம்மா தட்டைத் திருப்பி வைப்பாள். "இந்தா, இப்பத்தான் வைக்கிற" என்பீர்கள். அவள் ஒருமுறைகூட மறுத்துச் சொன்னதில்லை.

வீட்டில் யார் இருப்பது என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. அம்மா இரண்டு ஊர் தள்ளி அங்கன்வாடியில் உதவியாளர். உங்கள் சம்பளம் நின்றபின் அந்த வேலையை விட முடியாது. பகலில் உங்களைத் தனியாக விடவும் முடியாது. போனை எடுத்து ஒருவரைக் கூப்பிடக்கூட உங்களால் ஆகவில்லை. பச்சைப் பொத்தான் இடப்பக்கம் இருந்தால் அது உங்களுக்கு இல்லாத பொத்தான். பிளஸ் ஒன் சேர்ந்து புத்தகங்களுக்கு அட்டை போட்ட கையோடு நான் வீட்டில் நின்றேன். ஆவணி போயிற்று. புரட்டாசியும் வந்துவிட்டது.

உங்கள் அக்கா பேராவூரணியிலிருந்து பார்க்க வந்திருந்தார், நினைவிருக்கிறதா? அத்தை கட்டிலோரம் உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளை உரித்தபடி ஆரம்பித்தார்.

"ஏன்டா தம்பி, ஒரு வருசம் வீட்ல இருக்கட்டுமே. பொட்டப்புள்ள படிப்பு எங்கிட்டு ஓடியா போயிரும்?"

"ஓடாது. நின்னுரும்" என்றீர்கள். "நிப்பாட்டிப் போட்ட வண்டி ஸ்டார்ட் ஆகாதுக்கா. பேட்டரி எறங்கிரும்."

"தள்ளி ஸ்டார்ட் பண்ணிக்கலாம்."

"யாரு தள்ளுவா? நீ தள்ளுவியா? முட்டிவலின்னு மெத்தப்படி ஏற மாட்டேங்கிற."

அத்தை சுளையை உங்கள் வாயில் திணித்தார். "வாய்க்கு மட்டும் வாதம் வரல இவனுக்கு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அத்தை போனபின் என்னைக் கூப்பிட்டீர்கள். "நான் தனியா இருந்துக்கிற மாதிரி ஏதாச்சும் ஒரு வழி கண்டுபிடி. நீ ட்ரிப் கட் பண்ணக் கூடாது" என்றீர்கள். உங்கள் அகராதியில் அதுதான் பெரிய பாவம். மழை, திருவிழா, ஆள் இல்லை, எதற்காகவும் ட்ரிப் கட் செய்யாத டிரைவர் என்று உங்களுக்கு ஒரு கர்வம் இருந்தது.

வழியைக் காட்டியது ஆஸ்பத்திரியில் உங்களுக்குக் கைப்பயிற்சி கொடுத்த பிசியோ அக்கா. அடுத்தமுறை போனபோது, சோதனைக்கு வந்திருக்கிற ஒரு மென்பொருளை உங்கள் போனில் ஏற்றிக் கொடுத்தார். "செட்டிங்ஸ்குள்ள போயித் தேட வேணாம் சார். எப்படி வேணும்னு வாயால சொல்லுங்க. அது மாதிரி, இது மாதிரின்னு சொன்னாலும் புரிஞ்சுக்கும். புரியலைன்னா கேக்கும். மாத்துனதுக்கு அப்புறம் என்ன மாத்துனேன்னு சொல்லிட்டு, சரியான்னு கேக்கும்."

வீட்டுக்கு வந்ததும் போனை நான்தான் முதலில் வாங்கிக்கொண்டேன். எனக்கு அப்போது ஒரே உற்சாகம். உவமை என்றால் தமிழ்ப் பாடத்தில் வருவது, அதில் நான் வகுப்பில் முதல் ஆள். உங்கள் கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று, "திரை தெளிந்த நீரோடை போல இருக்க வேண்டும்" என்று செந்தமிழில் சொன்னேன். போன் பணிவாக ஏற்றுக்கொண்டது. வெளிர்நீலப் பின்னணி. அதில் எழுத்துகள் மெல்லிய வெண்மையாய், அடியில் கிடக்கும் கூழாங்கல் போல.

கையில் வாங்கிப் பார்த்தீர்கள். வலப்பக்கம் திருப்பினீர்கள், தூக்கிப் பிடித்தீர்கள்.

"நல்லாத்தான் இருக்கு. தண்ணி இருக்கு. மீனைத்தான் காணோம்."

அம்மா பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "அவ புஸ்தகத்துல இருந்து எடுத்துச் சொன்னா அது புஸ்தகம் மாதிரித்தான் வரும். நீங்க சொல்லுங்க" என்றாள்.

நீங்கள் தொண்டையைச் செருமினீர்கள். பஸ்ஸில் புதுக் கிளீனரிடம் பேசுகிற குரலில் போனிடம் பேசினீர்கள். "இங்க பாருப்பா. கண்டக்டர் பக்கம் எனக்கு ஒண்ணும் தெரியல. எல்லாத்தையும் டிரைவர் பக்கம் தள்ளு."

போனிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது: "டிரைவர் பக்கம் என்றால் வலப்பக்கமா?"

"பின்ன, கூரை மேலயா?"

படங்கள் நகர்ந்தன. அப்பா, அந்தக் காட்சியை நான் எப்படி எழுதுவது? இடப்பக்கம் இருந்தவை ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டு வலப்பக்கம் வந்து நின்றன. "திரையில் உள்ள எல்லாவற்றையும் வலப்பாதிக்கு மாற்றிவிட்டேன். இடப்பாதியில் இனி எதுவும் வராது. சரியா?" என்றது. நீங்கள் பெருமூச்சு விட்டு "ரைட்டு" என்றீர்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் முதல்முறையாக ஒரு பொருள் உங்களுக்கு முழுதாகத் தெரிந்தது. தட்டைப் போலத் திருப்பி வைக்க யாரும் தேவைப்படவில்லை.

அன்றைக்குப் பொழுது போனதே தெரியவில்லை. எல்லாம் ஒரே பக்கம் வந்ததில் நெரிசலாகிவிட்டது. "கல்யாண சீசன் ட்ரிப்பு மாதிரி இருக்கு. ஸ்டாண்டிங்கையெல்லாம் எறக்கி விடு" என்றீர்கள். அதிகம் தொடாத படங்கள் மறைந்து, வேண்டியவை மட்டும் பெரிதாகத் தெரிந்தன. செய்தியைப் படித்துக்காட்டும் குரல் விரட்டிக்கொண்டு ஓடியது. "பாயின்ட் டு பாயின்ட் பஸ் மாதிரி பறக்காத. நம்ம ரூட் பஸ் மாதிரி நின்னு நின்னு போ." ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் அது நிற்கக் கற்றுக்கொண்டது. நீங்கள் "போலாம்" என்று சொன்னால்தான் அடுத்த வாக்கியம்.

எல்லாம் சரியாகவும் புரிந்துவிடவில்லை. அறை இருட்டத் தொடங்கியதும் திரையின் வெளிச்சம் கண்ணைக் கூசியது. "மூஞ்சில அடிக்குது, வைசர எறக்கு" என்றீர்கள். திரையின் ஒளியைக் குறைக்க வேண்டும், அதுதானே அர்த்தம்? ஆனால் அது நிஜமாகவே வண்டிக் கண்ணாடியில் வெயிலுக்கு இறக்கும் வைசர் மாதிரி மேல்விளிம்பில் மட்டும் ஒரு பட்டைக்கு இருட்டிவிட்டு, சரியா என்று கேட்டது. நான் குனிந்து "இல்லை, ஒளியளவைக் குறை" என்று திருத்தப் போனேன். கையை நீட்டி என்னைத் தடுத்தீர்கள்.

"விடு ஆத்தா. பாவம், சொன்னதத்தானே செஞ்சிருக்கு. பாக்க நல்லாருக்கு."

அந்தப் பட்டைதான் இன்னும் இருக்கிறது. நான் நேற்றுப் பார்த்த மங்கல்.

வகுப்பில் உவமை என்பது அழகுக்கு என்று படித்திருந்தேன். சொல்ல வந்ததை முதலில் சொல்லிவிட்டு, மேலே பூ வைப்பது. உங்களுக்கு அப்படி இல்லை. வேறு சொல் உங்களிடம் இல்லவே இல்லை. 'வலப்பாதி' என்பதும் 'ஒளியளவு' என்பதும் யாரோ ஒருவரின் வீட்டுச் சாமான். கண்ணாடி, வைசர், ஸ்டாண்டிங், ரூட் இவைதான் உங்களுடையவை. அவற்றைத்தான் எடுத்து வீசினீர்கள், அந்த மென்பொருள் பிடித்துக்கொண்டது. எனக்கு இப்போது வருத்தமாக இருப்பது இதுதான்: அத்தனை வருடம் உங்கள் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்து புத்தகம்தான் படித்தேன். நீங்கள் எதை எதோடு ஒப்பிட்டுப் பேசிக்கொண்டு ஓட்டினீர்கள் என்று காது கொடுத்திருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும். ஒரு போனுக்குச் சொல்லும்போதுதான் எனக்கும் கேட்டது.

முக்கியமானது அந்தச் சிவப்புப் பொத்தான். வலது ஓரத்தின் அடியில், உங்கள் கட்டைவிரல் படும் இடத்தில். "இதான் நம்ம ஹாரன்" என்று பெயர் வைத்தீர்கள். ஒரு தட்டுத் தட்டினால் அழைப்பு போக வேண்டும். யாருக்கு என்பதை நான்தான் அமைத்தேன். அம்மா வேலை செய்யும் ஊரிலிருந்து ஷேர் ஆட்டோ கிடைத்து வருவதற்கு நேரமாகும். என் பள்ளிக்கூடம் சைக்கிளில் பக்கம். அதனால் பள்ளி நேரத்தில் முதலில் எனக்கு. மாணவிகள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால், எங்கள் கிளாஸ் டீச்சரிடம் போய்க் கேட்டேன். "என் நம்பரக் குடும்மா. எந்த பீரியடா இருந்தாலும் எடுத்து ஒன்னய அனுப்பி வைக்கிறேன்" என்றார். அவர் எடுக்காவிட்டால் அம்மாவுக்கு. அம்மாவும் எடுக்காவிட்டால், உங்களோடு ஓடிய கண்டக்டர் மாமாவுக்கு.

இரண்டு நாள் ஒத்திகை பார்த்தோம். நான் வேலிக்கு வெளியே போய் நிற்பேன், நீங்கள் ஹாரன் அடிப்பீர்கள், அம்மாவின் போன் என் கையில் மணியடிக்கும். "சிக்னல் ஓகே" என்று உள்ளே இருந்து கத்துவீர்கள். மூன்றாம் நாள் காலை நான் சீருடை போட்டேன். பாவாடை நீளம் குறைந்திருந்தது. "பாத்தியா, நின்ன எடத்துலயே வளந்துருக்கா" என்று அம்மாவிடம் சொன்னீர்கள். சைக்கிளை எடுத்தபோது உங்களை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போனை மார்பின்மேல் வைத்து, வலது கையால் "போ, போ" என்று காட்டினீர்கள்.

அதன்பின் வந்த நாள்கள் நன்றாக இருந்தன. சாயங்காலம் வந்ததும் அன்றைக்கு நடந்த பாடத்தை ஒவ்வொன்றாகக் கேட்பீர்கள். "மொத பீரியடு என்ன? ரெண்டாவது?" என்று நிறுத்தம் நிறுத்தமாகப் போவீர்கள். பாதி புரியாது உங்களுக்கு. ஆனால் எதையும் தாண்டிப் போக விடமாட்டீர்கள்.

ஐப்பசியில் அந்தச் சின்னச் சம்பவம் நடந்தது. கணக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். டீச்சர் வாசலில் வந்து என் பெயரைச் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்ததும் பேனாவை மூடக்கூட இல்லை. சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று தெரியாது. வந்து பார்த்தால் நீங்கள் கட்டிலில் முழித்தபடி படுத்திருக்கிறீர்கள். போன் தலையணைக்கும் தோளுக்கும் நடுவில் மாட்டியிருந்தது. புரண்டபோது தானாக அழுந்தியிருக்கிறது.

மூச்சு வாங்கச் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

"என்ன பீரியடு?"

"ஒண்ணும் இல்லப்பா. சும்மா யூனிட் டெஸ்ட்."

"முடிச்சிட்டியா?"

"நாளைக்கு எழுதிக்கலாம்னு டீச்சர் சொன்னாங்க."

"பாதியில எறக்கி விட்டுட்டேன் ஒன்னய" என்றீர்கள்.

"அதெல்லாம் இல்லப்பா. நல்லா இருக்கீங்கல்ல, அது போதும்" என்றேன். மோர் கலக்கிக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தீர்கள். வேறு பேச்சு பேசினோம். அது அங்கேயே முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பீரியடில் கண்டக்டர் மாமா பைக்கில் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். என்னைக் கூப்பிடக் கிளாஸ் டீச்சர் வரவில்லை. மாமாதான் நேராக வகுப்பு வாசலுக்கு வந்து நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. "வா தாயி" என்றார். வீட்டுக்குத் திரும்பும் வளைவில் அவர் திரும்பவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகும் அறந்தாங்கி ரோட்டில் நேராகப் போனார். அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

ஹாரன் அடித்திருக்கிறீர்கள். அழைப்பு அம்மாவுக்குத்தான் போயிருக்கிறது. அவள் ஷேர் ஆட்டோவுக்கு ஓடியபடியே மாமாவுக்குச் சொல்லி, ஆம்புலன்ஸுக்கும் சொல்லியிருக்கிறாள். அவள் வந்து சேர்ந்தபோது உங்களுக்குப் பேச்சு இல்லை. "கையப் புடிச்சாரு. நல்லா இறுக்கிப் புடிச்சாரு" என்று மட்டும்தான் இன்றுவரை சொல்கிறாள். ஆஸ்பத்திரிக்கு உங்களைக் கொண்டுசேர்க்கும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. எவ்வளவு சீக்கிரம் வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் அங்கே இருந்த டாக்டர். நம்புகிறேன். ஆனால் நான் கேட்பது அதை இல்லை. சைக்கிளில் நான் வந்திருப்பேன். அம்மா வருகிறவரைக்கும் அந்த அறையில் நீங்கள் தனியாக இருந்திருக்க வேண்டாம். அவ்வளவுதான்.

என் கோபம் முழுதும் அந்த மென்பொருள் மேல் திரும்பியது. வைசரைப் புரிந்துகொள்ளத் தெரியாத அது, எதையோ தப்பாகப் புரிந்துகொண்டு என்னை விட்டுவிட்டது என்று உறுதியாக நம்பினேன். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பியபின், ஒரு மத்தியானம் போனைக் கையில் எடுத்து, "அன்று பள்ளி நேரத்தில் ஏன் மகளுக்கு அழைப்பு போகவில்லை?" என்று கேட்டேன். சண்டை போடுகிற தொனியில்தான் கேட்டேன்.

அது நிதானமாகப் பதில் சொன்னது. போன் உங்களுடையது, அதனால் என்னை நீங்கள் என்றே நினைத்துக்கொண்டது.

"'இது ஸ்கூல் இருக்கிற எடம், போர்டு போட்டிருக்கு, இங்க ஹாரன் அடிக்கக் கூடாது' என்று சொன்னீர்கள். பள்ளி நேரத்தில் மகளுக்கு அழைப்பு போகாது, மனைவிக்கு மட்டும் போகும், சரியா என்று கேட்டேன். அவசரமாக இருந்தாலுமா என்றும் கேட்டேன். 'ரைட்டு' என்றீர்கள்."

எந்த நாள் சொன்னீர்கள் என்று கேட்டேன். நான் கணக்குப் பரீட்சையிலிருந்து ஓடிவந்த நாளுக்கு மறுநாள்.

அப்பா, தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். திட்டிவிட்டு அழித்திருப்பேன். அது உங்களை மிகச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தது. இரண்டுமுறை கேட்டு உறுதியும் செய்துகொண்டிருந்தது. நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, கட்டிலில் படுத்தபடி, உங்கள் மொழியிலேயே பேசி, என்னை ஓசையில்லாமல் கடந்து போக ஒரு வழி செய்துவைத்திருக்கிறீர்கள். பரவாயில்லை என்று நான் மோர் கலக்கிக் கொடுத்தபோது நீங்கள் ஏன் பேச்சை மாற்றினீர்கள் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசித்திருந்தால் உங்களோடு சண்டை போட்டிருப்பேன். "பரீட்சை எத்தனை வேண்டுமானாலும் வரும்" என்று கத்தியிருப்பேன். நீங்கள் ஏதாவது ஒரு வண்டிக் கதை சொல்லி மடக்கியிருப்பீர்கள். அந்தச் சண்டையும் நமக்குள் நடக்காமலே போயிற்று.

இப்போது மாசி. ஆண்டுத் தேர்வு வருகிறது. நேற்று அம்மா போனைக் கொடுத்தபின், இன்று காலை திரையை மாற்றினேன். "இரண்டு பக்கமும் தெரியட்டும்" என்று சாதாரணமாகச் சொன்னேன். எந்த உவமையும் எனக்கு வரவில்லை. படங்கள் பரவி நின்றன. "சரியா?" என்று கேட்டது. "சரி" என்றேன். 'ரைட்டு' என்று சொல்ல வாய் வரவில்லை, அது உங்கள் சொல். இடப்பக்கம் நிறைந்த திரையைப் பார்த்ததும் அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அடுப்படியிலிருந்துதான் கேட்டாள். இதுவரை கேட்டதே இல்லை.

"அன்னைக்கு அந்த நேரத்துல என்ன பாடம்டி நடந்துச்சு ஒனக்கு?"

இந்தக் கடிதத்தில் இதை எழுதலாமா என்று வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதிவிடுகிறேன். சாயங்காலம் வந்து ஒவ்வொரு பீரியடாக உங்களுக்குத்தானே சொல்வேன்.

அன்றைக்கு அந்த நேரத்தில் ஒரு பாடமும் நடக்கவில்லை அப்பா. இயற்பியல் பீரியடுதான். ஆனால் இயற்பியல் டீச்சர் பயிற்சிக் கூட்டத்துக்குப் புதுக்கோட்டை போயிருந்தார். சத்தம் போடாமல் உட்காருங்கள் என்று பக்கத்து வகுப்பு டீச்சர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒருத்தி வீட்டிலிருந்து நெல்லிக்காய் கொண்டுவந்திருந்தாள். உப்புத் தொட்டுத் தின்றோம். பேர், ஊர், மரம், பூ விளையாடிக்கொண்டிருந்தோம். 'ஞ'வில் ஊர் பெயர் சொல்ல முடியாமல் நான் திணறியதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாய் நிறைய நெல்லிக்காயோடு சிரித்துக்கொண்டிருந்தேன். மாமா வாசலில் வந்து நின்றபோது நான் சிரித்துக்கொண்டுதான் திரும்பினேன்.

நீங்கள் காத்துக்கொடுத்த நேரம் அதுதான்.

"இயற்பியல்" என்றேன் அம்மாவிடம். அட்டவணைப்படி அது உண்மை.

"முக்கியமான பாடமா?"

"ஆமாம்மா."

"நல்லது" என்றாள். கொஞ்சம் கழித்து, "நல்லது" என்று இன்னொரு முறை சொன்னாள். இரண்டாவது முறை அவள் என்னிடம் சொல்லவில்லை.

டீச்சர் வந்திருந்தால் அன்றைக்கு என்ன நடத்தியிருப்பார் என்று முன்பே கேட்டுவைத்திருந்தேன். பரப்பு இழுவிசை. அந்தப் பாடத்தை வகுப்பில் பிறகு வேகமாக ஓட்டிவிட்டார்கள். நான் விடவில்லை. தனியாக உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன், படங்களை வரைந்து பார்த்தேன், கிண்ணத்துத் தண்ணீரில் ஊசியை மிதக்கவிட்டு அம்மாவுக்குக் காட்டினேன். அதில் பஸ் எங்கும் வரவில்லை. தேடிப் பார்த்தேன். நீரின் மேற்பரப்பு 'இழுத்துக் கட்டிய மெல்லிய தோல் போல' இருக்கிறது என்று ஒரு வரி வருகிறது, அவ்வளவுதான். யார் எப்போது எழுப்பிக் கேட்டாலும் அந்தப் பாடத்தை முழுதாகச் சொல்வேன். நீங்கள் எனக்கென்று விட்டுவைத்த நேரத்தில் இப்போது அது இருக்கிறது.

சொல்கிறேன், கேளுங்கள். தண்ணீருக்குள்ளே இருக்கிற மூலக்கூறைச் சுற்றிலும் எல்லாப் பக்கத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள். எல்லோரும் சமமாக இழுப்பதால் அது நிம்மதியாக இருக்கிறது. மேற்பரப்பில் இருப்பதற்கு அப்படி இல்லை. அதற்கு மேலே பிடித்துக்கொள்ள யாரும் கிடையாது. அதனால் அது பக்கத்தில் இருப்பதையும் கீழே இருப்பதையும் மற்றவற்றைவிட இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது.